முனகும் ஆம்ப்ளிஃபையர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பல ஆண்டுகளாகத் தூங்கிக் கொண்டிருந்தது. என் தந்தையார் மைக் செட் வாடகைக்கு விடுபவர். கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்று பாக்கித் தொகைக்கு ஈடாகக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. சென்ற கிறிஸ்துமசுக்கு அதை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தார். சுவிட்சைப் போட்டால், கிட்டார் ஒலிக்கு முன்பே 'ம்ம்ம்' என்று முனகல். பழுது பார்ப்பவர் ஒருவர், "டிரான்ஸ்பார்மர் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "ஏன்டா, நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் வருமா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'வரும்' என்று சொல்லிவிட்டேன்.

வரவில்லை. வால்வுதான் கெட்டிருக்கும் என்று எண்ணி, முதல் வால்வைப் புதிதாக வாங்கி மாட்டினேன். அப்பாவின் இரண்டு நாள் வருமானம் போயிற்று, முனகல் போகவில்லை.

பிறகுதான் நம் ஆய்வகத்துச் சுரமானிச் சோதனை நினைவுக்கு வந்தது. அதில் மின்காந்தம் எஃகுக் கம்பியை ஒரு சுற்றுக்கு இருமுறை இழுக்கிறது. ஆகவே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கம்பியின் அதிர்வோ 100. ஆம்ப்ளிஃபையரிலும் இதே இரட்டிப்பு நடக்கிறது. வால்வுக்கு 400 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் வேண்டும். முழு அலைத் திருத்தி, மாறுதிசை மின்னோட்டத்தின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், வெளிவருவது நொடிக்கு 100 துடிப்புகள். அவற்றைச் சமன் செய்வது மின்பகு மின்தேக்கி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஊற்றினாலும், தொட்டி பெரிதாயிருந்தால் குழாயில் நீர் சீராக வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல மின்தேக்கியின் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்து, தொட்டி சிறுத்துவிடுகிறது.

எனவே முனகல் 100 ஆனால் மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். 50 ஆனால் வால்வின் சூடேற்றும் இழையையோ, எர்த் இணைப்பையோ, கிட்டார் ஒயரையோ. கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். 100!

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒலி அளவுக் குமிழைத் திருகினால் போதும். முனகல் கூடிக் குறைந்தால் பழுது குமிழுக்கு முன்னால், மாறாதிருந்தால் பின்னால். என் பெட்டியில் அது மாறவே இல்லை. முதல் வால்வோ குமிழுக்கு முன்னால் இருப்பது. அதை வாங்கி மாட்டியது எவ்வளவு மடமை! ஒரே திருகில் தெரிந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி உயிர் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். ஆகவே விரிவுரையாளர் உடனிருக்க, ஆய்வகத்தில்தான் பெட்டியைத் திறந்தோம். 10,000 ஓம் மின்தடை வழியே மின்னூட்டத்தை வடித்து, மீட்டர் முள் சுழிக்கு வந்த பிறகே கை வைத்தோம். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை இயக்கவும் கூடாது. டிரான்ஸ்பார்மர் மெய்யாகவே போய்விடும்.

பெட்டியைச் சுமந்து வந்தவர் அப்பா. செருப்பை ஆய்வக வாசலில் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். ஆசிரியர் இருமுறை அழைத்த பிறகே உள்ளே வந்தார்.

பழைய மின்தேக்கி 32 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட். கடையில் 33 தான் கிடைத்தது. நேர் முனை, எதிர் முனை மாறாமல் அதையே பற்றவைத்தோம். முனகல் நின்றது. அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மற்றோர் ஒலி, எண்ணெயில் அப்பளம் பொரிவது போல, இப்போது கேட்டது. இது குமிழோடு கூடிக் குறைந்தது. பெட்டியை அணைத்து, முதல் வால்வைக் கழற்றி வைத்து மறுபடி இயக்கியபோது ஒலி இல்லை. வால்வோ புதிது. ஆகவே அதன் நேர்மின்வாயோடு இணைந்த 1,00,000 ஓம் கரி மின்தடையை மாற்றினோம். பொரிவதும் அடங்கியது.

கிறிஸ்துமஸ் வாடகை தப்பியது. எஞ்சியிருப்பது மெல்லிய 'உஸ்' மட்டுமே. அது பழுதன்று. மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதாலும், வால்வில் அவை ஒவ்வொன்றாகப் பாய்வதாலும் எழுவது. முன்னதை 1928-இல் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கினார். தனிச்சுழி வெப்பநிலைக்குப் போனாலன்றி அது முற்றும் அடங்காது. இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டவர், "சரி, லீவு விட்டதும் இதையும் ஒரு நாள் பாரு" என்றார்.