வேண்டாத விசைகளுக்கு ஒரு பூட்டு

மூன்று மொழிகளில் தட்டச்சு செய்யும் எல்லைக் கிராமங்களில், கைதவறி அழுந்தும் ஒரு பொத்தான் மனுவையே குழப்பிவிடலாம். அதன் வாயை அடைப்பது அப்படியொன்றும் கடினமல்ல.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து இஞ்சிவிளை வந்தால் கேரளம் முடிகிறது. அடுத்தது களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. நிலம் பிரிந்ததே தவிர, பேச்சும் கல்யாண உறவுகளும் பிரியவில்லை.

அதனால் இங்கே எழுத்து வேலை என்றாலே இரட்டை வேலைதான். திருவிதாங்கூர் காலத்து நில ஆவணம் மலையாளத்தில் இருக்கும். அதைக் காட்டிப் பட்டா கேட்கும் மனு தமிழில் போக வேண்டும். நடுவே வரும் மின்னஞ்சல் முகவரி ஆங்கிலத்தில். கேரளத்தில் 2002-இல் தொடங்கிய அட்சயா மையமோ, தமிழ்நாட்டின் இ-சேவை மையமோ, தெருமுனை டி.டி.பி. கடையோ - எல்லையோரத்தில் வேலை செய்யும் லேப்டாப்பில் மூன்று மொழிகள் ஏற்றி வைத்திருப்பது வசதிதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே தோற்றம், வேறு எழுத்து

விண்டோஸில் இடது ஆல்ட், ஷிஃப்ட் இரண்டும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறும்படி அமைத்திருப்பார்கள். விரல் சற்று வழுக்கினால் போதும், பாதிச் சொல்லில் தமிழ் மலையாளமாகிவிடும். கண்ணுக்கு உடனே தெரிந்தால் திருத்திவிடலாம். ஆனால் ப, வ போன்ற எழுத்துகள் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவம். யூனிகோடு முறையிலோ இரு மொழிகளுக்கும் தனித்தனியாக 128 இடங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ப’ கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு எண்கள். பெயரில் ஓர் எழுத்து இப்படி மாறிப் பதிவாகிவிட்டால், பிறகு அந்தப் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்து தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

விசைப்பலகை முறைகளும் வேறு வேறு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஷிஃப்ட்டுக்கு வேலை மிகக் குறைவு. மலையாளத்துக்குப் பரவலாகப் பயன்படும் இன்ஸ்கிரிப்ட் முறையில் பல எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவை. ஷிஃப்ட்டை வேறு விசை தொடாமல் ஐந்து முறை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும்.

ஐ.பி.எம். சொன்ன பாடம்

இந்தப் பிரச்சினை பர்சனல் கம்ப்யூட்டர் அளவுக்கே பழையது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர் டேவிட் பிராட்லி. இயந்திரத்தை மறுபடி தொடங்க அவர் முதலில் வைத்த கூட்டணி கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடப்புறம் இருந்ததால் கை பட்டாலே இயந்திரம் அணைந்து எழும் என்று தெரிந்தது. எஸ்கேப்பை நீக்கி, வலக்கோடியில் இருந்த டெலிட்டைச் சேர்த்தார்கள். இரண்டு கைகளும் தேவைப்படும்போது விபத்து குறையும்.

அந்த எச்சரிக்கை பின்னாளில் தளர்ந்தது. 1994-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விசையைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் ‘கோபைலட்’ என்ற செயற்கை நுண்ணறிவு விசையை அறிவித்தது. இன்று பல லேப்டாப்களில் வலது கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. சில மாடல்களில் பவர் பொத்தானே டெலிட்டுக்குப் பக்கத்தில். நீங்கள் கேட்காமலே வந்த விருந்தாளிகள் இவை. ஆனால் வாசலில் நிறுத்த முடியும்.

பூட்டும் முறை

மொழி மாற்றும் குறுக்குவழி: விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைப்பிங்’ பகுதிக்குள் ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’. அங்கே ‘இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்’ திறந்து, விசைக் கூட்டணியை ‘நாட் அசைன்டு’ என்று வையுங்கள். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அப்போதும் மொழி மாறும்; அது கைதவறி நேர்வது அபூர்வம்.

ஸ்டிக்கி கீஸ்: ‘அக்சஸிபிலிட்டி’யில் ‘கீபோர்டு’. ஐந்து தட்டுக் குறுக்குவழியை மட்டும் அணையுங்கள்.

பவர் பொத்தான்: கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’. பொத்தானை அழுத்தினால் ‘டூ நத்திங்’ என்று தேர்ந்தெடுக்கலாம். தொங்கிப்போன லேப்டாப்பை அணைக்க நீண்ட நேரம் அழுத்துவது அப்போதும் வேலை செய்யும்.

மற்ற விசைகள்: மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘கீபோர்டு மேனேஜர்’ உண்டு. பெரும்பாலான விசைகளை முடக்கலாம், வேறு விசையாக மாற்றலாம். அது இயங்கும் வரைதான் மாற்றம் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்கேன்கோடு மேப்’ எழுதி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும். அதைத் தெரிந்தவர் துணையோடு, ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைத்த பிறகே செய்வது நல்லது. கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனம் பரப்பிய லினக்ஸ் லேப்டாப்களில் வழி வேறு: கீபோர்டு செட்டிங்ஸில் குறுக்குவழிப் பட்டியலைத் திறந்து, வேண்டாததைத் தேர்ந்து நீக்கிவிடலாம்.

ஒலி, வெளிச்சம், விமானப் பயன்முறை ஆகியவற்றின் மேல்வரிசைப் பொத்தான்கள் தொல்லை தந்தால், அவை எஃப்1 முதல் எஃப்12 வரை வெறும் விசைகளாக நிற்கும்படி பயாஸ் அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளும் வசதி பல நிறுவனங்களின் லேப்டாப்களில் இருக்கிறது.

யாருக்கு வேண்டாதது?

பொது மையங்களில் ஒரு கவனம் தேவை. ஸ்டிக்கி கீஸ் தொல்லைக்காக உண்டானதல்ல. ஒரு கையால் தட்டச்சு செய்பவர்கள் ஷிஃப்ட்டையும் எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதற்கான வசதி அது. எனவே குறுக்குவழியை நீக்கலாம்; வசதியை அமைப்புகளில் விட்டுவைக்க வேண்டும். எந்த விசை முடக்கப்பட்டது, எப்படித் திறப்பது என்று ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டுவது இன்னும் நல்லது. காலையில் மலையாளத்தில் தட்டுபவர் ஒருவர், மாலையில் தமிழில் தட்டுபவர் இன்னொருவர் என்று ஆட்கள் மாறும் மேசையில், அந்தச் சீட்டை இரண்டு மொழியிலும் எழுதினால்தான் முறை.