ஐந்து பர்லாங் சாலை சொல்லும் கணக்கு

கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் இடையே ‘ஐந்து பர்லாங் சாலை’ என்றொரு சாலை இருக்கிறது. ஒரு பர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ 201 மீட்டர். மைல்கற்களுக்கு இடையே பர்லாங் கற்களை எண்ணியபடி நடந்த தலைமுறை அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால், குதிரைப் பந்தயத்தின் தூரத்தைப் பர்லாங்கில் அளப்பதே மரபு என்பதால், கிண்டிப் பந்தய மைதானத்தை ஒட்டிய அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் இன்றும் பொருந்துகிறது. 2024 செப்டம்பர் 9 அன்று வருவாய்த் துறை அதிகாரிகள் அந்த மைதானத்தின் வாயில்களுக்குச் சீல் வைத்தார்கள்.

நான் பந்தயத்தின் ரசிகன் அல்லன். மயிலாப்பூரில் வளர்ந்த எனக்கு ‘ரேஸ்’ என்ற சொல் ஒரு வசவாகத்தான் அறிமுகமாயிற்று. “ரேஸுக்குப் போகிறவர்” என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். கிண்டியில் விட்ட பணத்துக்காகக் கைமாறிய வீடுகளைப் பற்றிய கதைகள் மாட வீதிகளில் உலவின. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, சூதாட்டம் என்ற குற்றச்சாட்டே என்றாவது ஒருநாள் கிண்டியை மூடும் என்று தோன்றியதில் வியப்பில்லை. நடந்தது வேறு.

சட்டங்கள் தோற்ற களம்

கிண்டியில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குச் செல்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் முறையாக அமைந்தது 1896-இல். விடுதலைக்குப் பின் இந்தப் பந்தயத்தை நிறுத்த இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. 1974-இல் திமுக ஆட்சியில், குதிரைப் பந்தயத்துக்குச் சூதாட்டச் சட்டங்கள் அளித்திருந்த விலக்கை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் பந்தயம் தொடர்ந்தது. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது.

இரண்டுக்கும் சேர்த்து 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடை அளித்தது. கே.ஆர்.லட்சுமணன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. குதிரையின் வம்சாவளி, அதன் முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்து முடிவெடுப்பதால், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறன் சார்ந்த ஆட்டம். ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்றது நீதிமன்றம். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று செல்லாததாக்கப்பட்டது. இணையவழி ரம்மி நிறுவனங்கள் பின்னாளில் தங்கள் வழக்குகளில் கேடயமாகப் பிடித்ததும் இந்தத் தீர்ப்பைத்தான். இவ்வாறு, ஒழுக்கத்தின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில் பந்தயம் வென்றது.

ஏக்கருக்கு நான்கு ரூபாய்

பந்தயத்தை வீழ்த்தியது நிலம். 1945-இல் 160 ஏக்கருக்கும் அதிகமான அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. 1970 முதல் வாடகையை உயர்த்தி அரசு பாக்கி கேட்டபோது, குத்தகை ஒப்பந்தத்தில் உயர்வுக்கு இடமே இல்லை என்று கிளப் வாதிட்டது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, ஏறத்தாழ 730 கோடி ரூபாய் பாக்கியைச் செலுத்த உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு குத்தகை ரத்தானது. வாயிலுக்குச் சீல் வந்தது. வழக்குகள் அதன் பின்னும் தொடர்ந்தன.

உதகையில் இதே கதை மூன்று மாதம் முன்னதாக நடந்தது. நகரின் நடுவே கோடைப் பந்தயங்கள் நடந்துவந்த 52 ஏக்கர் நிலத்தை, 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி 2024 ஜூனில் அரசு மீட்டது. இரண்டு இடங்களிலும் குதிரை ஓடுவது சரியா, தவறா என்பது கேள்வியாக இருக்கவில்லை. பொதுச் சொத்தை இந்த விலைக்கு யார், எதற்காக வைத்திருக்கலாம் என்பதே கேள்வியாக இருந்தது.

கொழும்பு முதல் பினாங்கு வரை

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. பந்தய மைதானங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, நிலம் மலிவாகக் கிடைத்த காலத்தில் அமைந்தவை. ஊர் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்தபோது, அவை நகரின் விலையுயர்ந்த வெட்டவெளிகளாக மாறின. சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே ரேஸ் கோர்ஸ் சாலை இன்றும் உண்டு. மைதானம் 1933-இல் புக்கித் தீமாவுக்கும் 1999-இல் கிராஞ்சிக்கும் நகர்ந்தது. 2010-இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர் வந்த இடத்தில் 2019-இல் வந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் நடந்தது. 120 ஹெக்டேர் நிலம் வீடுகளுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் அரசிடம் திரும்புகிறது. அதே ஆண்டு மக்காவ் நகரிலும் பந்தயம் நின்றது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025 மே மாதத்தில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. மும்பையில், மகாலட்சுமி மைதானத்தின் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு என்று 2024-இல் முடிவாயிற்று.

இவற்றிலிருந்து சற்று விலகி நிற்பது கொழும்பு. அங்கே 1956-இல் ஆட்சி மாறியதும் அரசியல் முடிவாகவே பந்தயம் நிறுத்தப்பட்டது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதப் பந்தயம் இன்றும் நடக்கிறது. கொழும்பு மைதானத்தின் பார்வையாளர் மாடமோ வணிக வளாகமாகிவிட்டது. பந்தயம் போன பின் நிலம் என்ன ஆகும் என்பது தானாகத் தீர்மானமாவதில்லை என்பதற்கு அது சான்று.

பணம் நகர்ந்த திசை

நிலத்தின் விலை உயர்ந்த அதே காலத்தில் பந்தயத்தின் வருமானம் சரிந்தது. மைதானத்தின் பொருளாதாரம் டோட்டலைசேட்டரைச் சுற்றி அமைந்தது. கட்டப்படும் தொகை எல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக எஞ்சியது வென்றவர்களுக்குப் பிரிக்கப்படும். கிளப்பின் பங்கிலிருந்துதான் பரிசுத் தொகை. பரிசுத் தொகையை நம்பித்தான் உரிமையாளர் குதிரை வாங்குகிறார். உரிமையாளரின் கட்டணத்தில்தான் லாயம் நடக்கிறது. கட்டப்படும் முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி என்ற நிலை 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு என்று ஆனது. வரி கூடக்கூட வென்றவர் கைக்கு வருவது குறைகிறது. கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் வரி கட்டாத கள்ளப் புக்கியிடம் போகிறார்; இளைஞர்களோ கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். பந்தயம் கட்டும் பழக்கம் ஒழியவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

லாயத்தில் நிற்பவர்கள்

இந்தக் கதையில் உரிமையாளர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். மறைந்த எம்.ஏ.எம்.ராமசாமியின் குதிரைகளைப் பற்றிப் பந்தயம் பார்க்காதவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளும் ஓட்சும் அளந்து வைத்து, அதன் கால் சூட்டைத் தொட்டே காயத்தைக் கண்டுபிடிக்கும் சைஸ்களின் பெயர்கள் எந்தப் பந்தயப் புத்தகத்திலும் அச்சாவதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த தொழில் அது. லாடம் அடிப்பவர், புல் கொண்டுவருபவர், காலைப் பயிற்சியில் குதிரையை ஓட்டிக் காட்டுபவர் எனப் பலரும் அந்த மைதானத்தை நம்பியே வாழ்ந்தவர்கள். இந்தத் திறனுக்கு நகரில் வேறு சந்தை இல்லை. ஓடி ஓய்ந்த குதிரைக்கும் அப்படித்தான். குத்தகை வழக்கில் இரு தரப்பு. இவர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை.

ஏரி தந்த பாடம்

மீட்ட நிலத்தில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்துச் சுற்றுச்சூழல் பூங்கா அமைக்க அரசு முடிவெடுத்தது. வேளச்சேரியின் வெள்ளத்தைக் குறைக்க இந்த நிலத்தில் நீரைத் தேக்கும் வாய்ப்பைப் பசுமைத் தீர்ப்பாயம் எழுப்பியதைத் தொடர்ந்து, மாநகராட்சி அங்கே குளங்கள் வெட்டத் தொடங்கியது. இது சரியான திசை. கிண்டிப் பக்கத்து மழைநீர் வேளச்சேரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி இறங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதே ஐந்து பர்லாங் சாலையில்தான் ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்து நீரில் மூழ்கியது. அதில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களின் உடல்களை மீட்க நாள்கணக்கில் நீர் இறைக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தியாகராய நகர் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பேரேரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த நகர் அது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ இருக்கிறது, ஏரி இல்லை. 2021 நவம்பரில் தியாகராய நகர் தெருக்களில் நாள்கணக்கில் தேங்கிய நீர், தன் பழைய இடத்தைத் தேடி வந்த நீர். ஏரியை நகராக்கிய நாம், நூறாண்டு கழித்து ஒரு மைதானத்தைக் குளமாக்கப் பார்க்கிறோம்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். முதலாவது, பூங்கா போக எஞ்சும் ஏறத்தாழ 42 ஏக்கர் உட்பட மொத்த நிலமும் நீருக்கும் பொதுவெளிக்கும் மட்டுமே என்று சட்டமாகவே பதிவாக வேண்டும். அரசாணையை அடுத்த அரசாணை மாற்றிவிடும். சட்டத்தை மாற்றுவதற்குச் சட்டமன்றத்தில் விவாதிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, லாயத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து அவர்களுக்கும், ஓய்வுபெற்ற குதிரைகளுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அமையவிருக்கும் பூங்காவிலேயே அவர்களுக்கு வேலை தரலாம். மூன்றாவது, அரசு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் அனைவரின் பட்டியலையும், பரப்பு, வாடகை, பாக்கி விவரங்களோடு வெளியிட வேண்டும். ஏக்கருக்கு நான்கு ரூபாய் என்பது கிண்டியில் தவறு என்றால், அது எங்கே நடந்தாலும் தவறுதான்.