தலை வெட்டுப்பட்ட அலை

எலெக்ட்ரிக் கிடார் வாங்கிய பையன் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: எந்த டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாம்? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அந்தச் சின்ன உலோகப் பெட்டியின் வேலை, நன்றாக வருகிற ஒலியைக் கெடுப்பது. கெடுப்பதிலும் பல விதம் இருப்பதால்தான் இத்தனை பெடல்கள்.

இந்தப் பெடல் பிறந்ததே பழுதான ஒரு கருவியால். 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் கரகரவென்று ஒலிக்கும். ஒலிப்பதிவு மிக்ஸரில் ஏற்பட்ட கோளாறு அது. பாட்டு பிரபலமானதும் ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அதே கரகரப்பை டிரான்சிஸ்டரில் செய்து காட்டினார். கிப்சன் கம்பெனி அதை 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்பனைக்கு விட்டது.

உள்ளே நடப்பது எளிமையானது. கிடாரிலிருந்து வருவது சில நூறு மில்லிவோல்ட். பெடல் அதைப் பல மடங்கு பெருக்கி, இரண்டு டயோடுகளிடம் தள்ளுகிறது. சிலிக்கன் டயோடு என்றால் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்படி வெட்டும்போது, முன்பு மெலிதாக இருந்த அதிர்வெண்களும் இல்லாதவையும் ஓங்கி எழுகின்றன. 82 ஹெர்ட்ஸில் சுத்தமான ஒரே ஸ்வரம் உள்ளே போனால் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று மேல் ஸ்வரங்கள் கூடவே வெளியே வரும். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலிக்கும்.

ராக் கிடார்காரர்கள் ‘பவர் கார்டு’ என்று இரண்டே ஸ்வரங்களை அடிப்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான். அந்த இரண்டும் நம் ஷட்ஜமமும் பஞ்சமமும். 82 ஹெர்ட்ஸ் ஸ, 123 ஹெர்ட்ஸ் ப. கழித்தால் 41, அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜமம். யாரும் வாசிக்காத ஒரு ஆதார ஸ்வரம் தானாக வந்து நிற்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தரகாந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிடாரின் ஃப்ரெட், அதாவது மெட்டு, தரும் காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிடச் சற்றே கூடுதல். இரண்டின் மேல் ஸ்வரங்கள் 412இலும் 415இலும் மோதிக்கொண்டு நொடிக்கு மூன்று தடவை துடிக்கும். சாதாரணமாகக் காதில் படாத அந்தத் துடிப்பை டிஸ்டார்ஷன் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

தம்புராவின் நான்கு தந்திகளும் பஞ்சமம், ஷட்ஜமம் மட்டும்தானே? அங்கேயும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, நூலிழை அளவு நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். தந்தி அதிரும்போது அகலமான குதிரையின் மேல் பட்டுப் பட்டு விலகுவதால் மேல் ஸ்வரங்கள் பொங்குகின்றன. ஒரு தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேல் ஸ்வரத்துக்குக் கணு, அதாவது அதிராத புள்ளி, இருக்கிறதோ அது ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறுவதை 1921இல் எழுதிக் காட்டினார். பெடல் வாங்கப் போகிற பையனிடம் ‘முதலில் தம்புரா கேள்’ என்றால் முறைப்பான். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

இனி கடைக்குப் போகலாம். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் போன்றவற்றில் டயோடுகள் பெருக்கிச் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் வெட்டு மழுங்கலாக விழும். நடு ஒலியும் தூக்கலாக இருக்கும் என்பதால், பேஸும் டிரம்ஸும் சேர்ந்த கூட்டத்தில் கிடார் தனியாகக் கேட்கும். பாஸ் டிஎஸ்-1, ரேட் முதலியவை பெருக்கிய பிறகு வெட்டுபவை, கூர்மை அதிகம். பிக் மஃப் தனியாக வாசிக்கும்போது மலைபோல் ஒலிக்கும், குழுவில் சேர்ந்தால் காணாமல் போகும். ஸ்வரம் நீளவேண்டும் என்பவருக்கும் டிஸ்டார்ஷன் உதவும்: தேய்ந்து போகும் அலையும் வெகுநேரம் அந்த 0.6 வோல்ட் கூரையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், ஒலி அடங்காதது போலத் தோன்றும். கிடாரில் கமகம் பிடிக்க இது பெரிய வசதி. ராணிப்பேட்டைக்காரரான கிடார் கலைஞர் பிரசன்னா, ராக் கிடார்காரர் ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள்.

மந்தாரக்குப்பத்தில் வாசிப்பவருக்கு இன்னொன்று. பெடலை மிதித்ததும், தந்தியைத் தொடாமலே ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகும். அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பக்கத்து நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரி எரித்த நீராவியில், 210 மெகாவாட் விசையாழி நிமிஷத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறதே, அதே எண். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு மற்றப் பகுதிகளோடு இணைந்ததிலிருந்து, டெல்லியில் முனகும் ஆம்பும் இதே கதியில்தான் முனகுகிறது. ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே நிற்கும் அந்த ஒலியைச் சுவரின் வயரிலிருந்து கிடாரின் காந்தச்சுருள் பிடித்துக்கொள்கிறது. பெடல் அதையும் பெருக்கி வெட்டுகிறது. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள், அதாவது ஹம்பக்கர் உள்ள கிடாரானால் பெரும்பகுதி அடங்கிவிடும். மலிவு அடாப்டர் தரும் முனகலுக்கு ஹம்பக்கர் மருந்தாகாது. அதற்கு 9 வோல்ட் பேட்டரி போதும்.

கடைசியாக, பெடலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போவதையெல்லாம் தானே மடக்கிவிடும். திருவிழாக் கச்சேரியில் பெடலை நேராக மிக்ஸரில் சொருகினால் அந்த வடிகட்டல் கிடையாது; தகரத்தை ஆணியால் கீறியது போல இருக்கும். நடுவே ‘கேபினெட் சிமுலேட்டர்’ ஒன்று வேண்டும். பணம் குறைவென்றால் விலை உயர்ந்த பெடலை விட்டுவிட்டு, சாதாரண பெடலும் இதுவும் சேர்த்து வாங்குங்கள்.