மூத்த திருப்பதிகமும் இசை யாத்த மகளிரும்

தென்னக இசைக்குப் பாடல் யாத்தளித்தோர் யாவர் என வினவின், தியாகராசர் முதலிய மும்மூர்த்திகளையும், அவர்க்கு முற்பட்ட முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் என்னும் தமிழ் மூவரையும் மாணவர் தயங்காது கூறுவர். மகளிருள் யாவர் எனக் கேட்பின், பாடகியர் பெயர்களே விடையாக வரும். பாடுவோர் மகளிர், ஆக்குவோர் ஆடவர் என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றிவிட்டது. தமிழிசை வரலாறோ இதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது.

பதினோராந் திருமுறையிலே காரைக்காலம்மையார் அருளிய திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டு உள. பதினொரு பாடல் கொண்ட இவை ஒவ்வொன்றும் 'மூத்த திருப்பதிகம்' எனப்படும். தேவார மூவர்க்கும் முற்பட்டமையின் இப்பெயர் பெற்றன. ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் அமைந்தவை. பத்துப் பாடல்களின் பின் இறுதிப் பாடலிலே பாடினார் பெயரும் பயனும் கூறும் முறையை இங்கே காண்கின்றோம். அதனையே திருஞானசம்பந்தர் திருக்கடைக்காப்பிலும் காண்கின்றோம். முதற் பதிகத்தில் துத்தம், கைக்கிளை முதலாகச் சுரங்களின் பெயர்களையும், வீணை, மத்தளம், தாளம் முதலாகக் கருவிகளின் பெயர்களையும் அம்மையார் அடுக்கிக் கூறுவர். இசையிலக்கணம் அறிந்தார்க்கன்றி இஃது இயலாது.

அம்மையாரின் புகழ் ஈழத்திற்கும் அயலன்று. நம் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லைக்கு அப்பால் உள்ள பொலனறுவையிலே கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனியொன்று, என்புருவாய் அமர்ந்து, கையில் தாளம் ஏந்திப் பாடும் கோலத்தில் அவரைக் காட்டுகின்றது. அதனைச் செய்த சிற்பி அம்மையாரை இசைவாணராகவே கண்டனன்.

அங்ஙனமாயின், பின்வந்த மகளிர் பெயர் மறைந்தது எதனால்? செங்கோட்டை ஆவுடையக்காளின் வேதாந்தப் பாடல்களை நோக்குக. அவை இல்லங்களிலே பெண்கள் வாய்மொழியாகப் போற்றி வந்தவை. ஏட்டிலும் அரங்கிலும் ஏறாதது நாளடைவில் மறக்கப்படுவது இயல்பே. மற்றுமொரு காரணமும் உண்டு. அம்புசம் கிருஷ்ணா (1917–1989) யாத்த கீர்த்தனங்கள் பலவற்றுக்கு வர்ணமெட்டு அமைத்தோர் இசைப் புலவர் பிறராவர். அதனால் அவரைப் பாடலாசிரியர் என்று மட்டும் கூறி அமைவாருளர். பரிபாடலிலும் பாடினார் ஒருவர், இசை வகுத்தார் மற்றொருவர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதுகொண்டு பாடினாரின் பெருமையை எவரும் குறைத்துக் கூறிலர். ஆடவர்க்கு ஒரு நீதி, மகளிர்க்கு ஒரு நீதி என்பது அறிவுக்குப் பொருந்துமா? கல்யாணி வரதராசனோ சொல்லையும் இசையையும் தாமே அமைத்தவர்.

இற்றை ஓதுவார் மரபில் நட்டபாடை கம்பீரநாட்டையாகவும், இந்தளம் மாயாமாளவகௌளையாகவும் பாடப்பெறும். சரளிவரிசை பயிலும் சிறுமி முதன்முதற் கற்பதும் மாயாமாளவகௌளையே. ஆதலின் அம்மையாரின் பதிகம் அவளுக்கு எட்டாத பொருளன்று. பங்குனிச் சுவாதியில் வரும் அம்மையார் குருபூசையன்று, நம் மாணவியர் இவ்விரு பதிகங்களையும் பண்ணோடு பாடுவாராக. பிறர் ஆக்கியதைப் பாடுவதோடு அமையாது, தாமும் ஆக்கலாம் என்னும் துணிவு அவர்க்கு அதனால் பிறக்கும். அத்துணிவே அம்மையார்க்கு நாம் செலுத்தத்தக்க வழிபாடாகும்.