இறைவனைக் குறிக்கும் சொல்

கிறித்தவ இறையியல் என்றவுடன், அது குருமடங்களிற் பயில்வோர்க்கே உரிய கல்வி என்று பலர் எண்ணுவர். திரித்துவம், மீட்பு, அருள் முதலிய கோட்பாடுகளை ஆராயும் பெருநூல்களே அதன் உறைவிடம் என்பது பொதுவான கருத்து. ஆயினும், அவ்வியலின் கடினமான வினாக்களுள் ஒன்று மொழிபெயர்ப்பாளரின் மேசையில் எழுந்ததாகும். விவிலியத்தை ஒரு மக்களின் மொழியிற் பெயர்க்கப் புகுவோர், முதல் நூலின் முதல் வாக்கியத்திலேயே அவ்வினாவை எதிர்கொள்கின்றனர். உலகைப் படைத்தவனை அம்மொழியில் எச்சொல்லாற் குறிப்பது?

இவ்வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. எபிரேய வேதத்தில் இறைவனைக் குறிக்க வழங்கும் 'எலோகிம்' என்னும் சொல் இலக்கண வடிவிற் பன்மையாகும். பிற இனத்தாரின் தெய்வங்களைச் சுட்டவும் அதுவே வழங்கியது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியா நகரத்து யூத அறிஞர் தம் வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்க்கத் தொடங்கியபோது, 'தெயோஸ்' என்னும் சொல்லை ஏற்றனர். சியூசையும் அப்பொலோவையும் வணங்கியோரின் வாயில் வழங்கிய சொல் அது. பின்னர்ப் புதிய ஏற்பாட்டை எழுதியோரும் அச்சொல்லையே ஆண்டனர். ஆகவே, பிற சமயத்தார் தீண்டாத தூய சொல் ஒன்று கிறித்தவத்துக்கு அதன் தொடக்கத்திலேயே வாய்த்திருக்கவில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே தமிழில் நிகழ்ந்ததை நோக்குதல் வேண்டும்.

முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய போர்த்துக்கேயத் துறவியான என்றீக்கே என்றீக்கசு அடிகளார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. அந்நூலின் பெயரே அவர் தெரிந்தெடுத்த சொல்லைக் காட்டுகின்றது. 'தம்பிரான்' என்பது தலைவன் என்னும் பொருளது. சைவ மடத்துத் துறவியரையும் குறிப்பது. அடுத்த நூற்றாண்டில் மதுரையைத் தம் களமாகக் கொண்ட தத்துவ போதகராகிய ரொபேர்ட்டோ தெ நொபிலி, 'சருவேசுரன்' என்ற சொல்லை ஆண்டார். அனைத்துக்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். கத்தோலிக்க மக்களின் செபங்களில் அச்சொல் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது.

புரொட்டஸ்தாந்தருள் முதல்வராகத் தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டில் வந்தவர் சீகன்பால்கு. அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் முழுமையாக அச்சாகியது. கத்தோலிக்கரோடு கோட்பாட்டில் மாறுபட்டவராயினும், இறைவனைக் குறிக்க அவர் வழங்கிய 'சருவேசுரன்' என்ற சொல்லையே அவரும் கைக்கொண்டார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713ஆம் ஆண்டில் அவர் விரிவான நூல் ஒன்றும் எழுதினார். மக்கள் எதை நம்புகின்றனர் என்பதை அறியாமல் அவர்களுடைய சொற்களை எடுத்தாளுதல் இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர்க்குப் பின்வந்த பப்பிரிசியுசு, 1772ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய ஏற்பாட்டில் 'பராபரன்' என்ற சொல்லை வழங்கினார். அதுவும் சைவ உலகுக்குப் புதியதன்று. 'பராபரமே' என்று இறைவனை விளித்துத் தாயுமானவர் பாடிய கண்ணிகள் தமிழர் நாவிற் பயின்றவை. ஈசுவரன் என்ற பெயரோடு இணைந்த சொல்லைவிட, எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்ட பொருளைச் சுட்டும் சொல் ஏற்றது என்பது இம்மாற்றத்தினாற் புலனாகும்.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திற் கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டிற் கொழும்பிலேயே அச்சிடப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய வெசுலியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் புதியதொரு மொழிபெயர்ப்பை மேற்கொண்டார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர், பின்னாளிற் சைவத்தின் பெருங்காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர். நாவலரின் பங்கு எவ்வளவினது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தம் சமயத்தில் உறுதியாக நின்ற ஒருவர் பிற சமயத்தின் வேதத்துக்குத் தம் தமிழ்ப் புலமையை வழங்கினார் என்பதில் ஐயமில்லை.

அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் புரொட்டஸ்தாந்த சபைகள் அதனை ஏற்கவில்லை. பப்பிரிசியுசின் சொற்களிலேயே செபித்துப் பழகிய மக்களுக்கு, புதிய நடை தம் வேதத்தையே மாற்றியதாகத் தோன்றியது. இதனைப் பாமரரின் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் தகாது. தாயின் மரணப்படுக்கையிலும் குழந்தையின் நோய்ப்படுக்கையிலும் சொல்லி அழுத சொல் ஒருவருக்கு வெறும் சொல்லாக இராது. அதனை மாற்றுவோர், தாம் திருத்துவது ஏட்டை என்று நினைப்பர். கேட்போருக்கோ தம் வேண்டுதலையே பிறர் பறித்ததுபோல் இருக்கும்.

பின்னர் பவர் என்பாரின் தலைமையிற் குழுவொன்று உழைத்து, பழைய நடைக்கும் புதிய புலமைக்கும் இடையே ஒரு வழி கண்டது. 1871ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு 'தேவன்' என்ற சொல்லை வழங்கியது. இச்சொல்லுக்கும் தடை எழாமலில்லை. தேவர் பலர், இந்திரனும் அவர்களுள் ஒருவன், தேவன் உண்டெனில் தேவியும் உண்டு, ஒருவனாகிய முழுமுதற்பொருளை அச்சொல் எவ்வாறு சுட்டும் என்று வினவினர். இருபதாம் நூற்றாண்டில் இறையியலறிஞர் லார்சன் முதலியோர் செய்த திருத்தம் 'கடவுள்' என்ற சொல்லை ஆண்டது. ஆண்பால் விகுதி இன்றி, பழந்தமிழ் இலக்கியத்திலும் பயின்றுவரும் அச்சொல் பொருத்தமானதே. எனினும், அத்திருத்தம் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் இடத்தைப் பிடிக்க இயலவில்லை. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் இணைந்து ஆக்கி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிவிலியமும் 'கடவுள்' என்றே வழங்குகின்றது. ஆயினும், புரொட்டஸ்தாந்தர் பலருடைய கைகளில் இன்றும் இருப்பது பழைய மொழிபெயர்ப்பே.

இவ்வரலாற்றைத் தமிழில் முறையாக ஆராய்ந்தவர் யாழ்ப்பாணப் பேராயராக விளங்கிய சபாபதி குலேந்திரன். அவருடைய 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1964ஆம் ஆண்டில், அருள் என்னும் கோட்பாட்டைக் கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்புநோக்கும் ஆங்கில நூலொன்றையும் அவர் வெளியிட்டிருந்தார். ஒரு சொல் இரு சமயங்களிலும் வழங்குவதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா. இரண்டும் வேறாதலால் அச்சொல்லின் உறவு அற்றுவிடுவதுமில்லை. ஒப்பியற் கல்வி நடக்கவேண்டிய ஒடுங்கிய பாதை இதுவே.

தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் ஆகிய ஐந்து சொற்களுள் ஒன்றேனும் கிறித்தவர் புதிதாகப் படைத்ததன்று. ஐந்தும் தமிழகத்தின் பழைய வழிபாட்டிலிருந்தும் புலமையிலிருந்தும் பெற்றவை. அவற்றைக் கிறித்தவச் சொற்களாக்கியது அகராதியன்று. அவற்றைக் கொண்டு செபித்த மக்களின் வாழ்வே. கிரேக்கரின் 'தெயோஸ்' என்ற சொல்லுக்கும் அதுவே நிகழ்ந்தது. கோயிலிலும் தேவாலயத்திலும் அயலவர் இருவர் ஒரே சொல்லால் வேண்டும்போது, தாம் கருதும் பொருள் வேறென்பதை இருவரும் அறிதல் நன்று. அச்சொல்லைத் தமக்கு வழங்கிய மொழி ஒன்றே என்பதை மறவாதிருத்தல் அதனினும் நன்று.