429,49,67,297: ஃபெர்மா தவறிய இடம்

3, 5, 17, 257, 65,537. இந்த ஐந்தும் பகா எண்கள். முந்தையதிலிருந்து 1-ஐக் கழித்து, அதன் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினால் அடுத்தது வரும். இப்படியே போனால் கிடைப்பதெல்லாம் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபெர்மா நம்பினார். ஆறாவது எண் 429,49,67,297, அதாவது 2³²+1. இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். வகுத்தால் வரும் ஈவு 67,00,417.

எதற்காக 641? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனை ஆயிரக்கணக்கான எண்களை ஒரேயடியாகக் கழித்துவிடுகிறது. மிஞ்சும் பகா எண்களில் முதல் ஐந்து 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை!

பெரிய வகுத்தல் போடாமலும் சரிபார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 641 என்பது 5×2⁷+1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அதே 641, 5⁴+2⁴ என்றும் பிரிகிறது (625+16). எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1 என்றாகிறது. அப்படியானால் 2³²+1-இன் மீதி பூஜ்யம்.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் உண்டா என்பதற்கு இன்றுவரை விடையில்லை. அந்த ஐந்துக்கு மேல் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.