சேணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

செகந்திராபாத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் குதிரையேற்றம் கற்றுவருகிறாராம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று தன் பழைய வெஸ்டர்ன் சேணத்தை விற்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார். சேணம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஆகவே பதில் நீளும்.

வெஸ்டர்ன் சேணம் என்பது கௌபாயின் சேணம். கௌபாய் யார் என்று ஹைதராபாத்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ 1971லேயே வந்துவிட்டது. தமிழில் நமக்கு ஜெய்சங்கரின் ‘கங்கா’ உண்டு. படங்களில் வராத விஷயம் ஒன்று: அந்தக் குதிரை அவனுடையதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸ் மாடுகளைக் கன்சாஸ் ரயிலடிகளுக்கு ஓட்டிப்போவது பெரிய தொழிலாயிற்று. ஓட்டியவர்களில் கறுப்பினத்தாரும் மெக்சிகோக்காரர்களும் கணிசம். கயிற்றைச் சுற்றக் கொம்பு வைத்த சேணமே மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்ததுதான். சம்பளம் மாதம் 30 டாலர் சுமாருக்கு. குதிரைகள் முதலாளியுடையவை, ஒரே நாளில் இரண்டு மூன்று மாறும். சேணம் மட்டும் அவன் கைக்காசு போட்டு வாங்கியது. ராத்திரியில் அதுவே தலையணை.

சேணத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் தொடுவது கொம்பையும் தோலில் செதுக்கிய பூவேலையையும்தான். அதை விட்டுவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது மரச்சட்டம். பதப்படுத்தாத தோலை ஈரத்தோடு அதன்மேல் போர்த்தித் தைப்பார்கள். காயக் காயத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். சட்டத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு பலகைகள், நடுவே இடைவெளி. ஆளின் எடை குதிரையின் முதுகெலும்பில் இறங்காமல் இருபுறத்துச் சதையில் பரவ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ரயில் நிலையத்தில் போர்ட்டர் பெட்டியைத் தலையில் ஏற்றுமுன் சும்மாடு கூட்டுகிறாரே, அதே வேலை. நிஜாம் சீமையில் வளர்ந்த டெக்கான் ஹார்ஸ் படை 1916 ஜூலை 14 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் ஈட்டியோடு பாய்ந்தது. அந்தக் காலத்து ராணுவச் சேணத்தின் அடியிலும் இரும்பு வளைவில் கோத்த இரண்டு பலகைகள்தான்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வெள்ளை முடி. பொருந்தாத சேணம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, முடிக்கு நிறம் தரும் செல்கள் செத்துவிடும். புண் ஆறிய பிறகு முளைக்கிற முடி வெள்ளையாகவே வரும். பழுப்புக் குதிரையின் பிடரி முடிகிற மேட்டில் காசளவுக்கு வெள்ளைத் திட்டு இருந்தால், அது பெரும்பாலும் பிறவி மச்சமல்ல, யாரோ முன்பு போட்ட சேணத்தின் தழும்பு. தழும்பு விழும் முன்பே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நன்றாக ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வேர்வையில் நனைந்து, நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் பலகை குத்துகிறது என்று சந்தேகப்படலாம்.

ஹைதராபாத்தின் பழைய நகரத்துக் கல்யாண ஊர்வலத்தில் மர்ஃபா மேளம் அதிர, ஜரிகைத் துணிக்கு மேலே மாப்பிள்ளை அமர்ந்து வருகிறார். குதிரை பெரும்பாலும் வெள்ளை. தழும்பும் வெள்ளை. வேறென்ன வசதி வேண்டும்! பூவுக்கும் பட்டாசுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறவர்கள், துணியைத் தூக்கி முதுகை ஒருமுறை காட்டச் சொல்லலாம். குதிரைக்காரரைக் குறை சொல்லவில்லை. கிடைத்த ஜீனியைக் கிடைத்த குதிரைக்குப் போடும் அளவுக்குத்தான் அவர் கையில் காசு மிஞ்சுகிறது. சத்தம் போட்டுக் கேட்க வேண்டியது வாடகை கொடுக்கிற நாம்.

இனி, வாசகியின் சேணம். அதன் கொம்புப் பக்கத்தைத் தொடையில் அணைத்து, பின்பக்க மேட்டைத் தன்னை நோக்கி அவர் இழுத்துப் பார்க்கட்டும். நடுவில் மடிந்து கொடுத்தால் சட்டம் உடைந்திருக்கிறது. சேணத்தோடு குதிரை தரையில் புரண்டாலே உடையும். அப்படியானால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். சட்டம் திடமாக இருந்தால் பழையது புதியதைவிடச் சுகம். புதுச் சேணத்தில் அங்கவடி வார் விறைத்து நின்று முழங்காலைத் திருகும். அதற்காக வாரை நனைத்து, இரண்டு அங்கவடிகளுக்கும் குறுக்கே விளக்குமாற்றுக் கம்பைச் செருகி, இரவெல்லாம் விட்டுவைப்பார்கள். இங்கே அந்த வேலையை முந்தைய சொந்தக்காரரின் கால்களே முடித்திருக்கும். தோலை மடித்தால் விரிசல் விடுகிறதா, வயிற்று வாரைக் கட்டும் இடத்தில் தையல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழைக்காலத்துப் பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், பயமில்லை.

பெரிய சிக்கல் வேறு. அமெரிக்கச் சேணம் அகன்ற முதுகுள்ள குவார்ட்டர் ஹார்ஸ் குதிரைக்குச் செய்தது. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்கு முதுகு ஒடுக்கம், பிடரி மேடு உயரம். அகலச் சட்டம் கீழே இறங்கி அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிடும். தடித்த கம்பளம் விரித்துச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது கொஞ்சம்தான் உதவும். வளையும் கம்பி ஒன்றைக் குதிரையின் முதுகில் குறுக்காக அழுத்தி எடுத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு விற்பவர் வீட்டுக்குப் போகலாம். சேணத்தின் அடியில் அட்டையை வைத்துப் பார்த்துப் பொருந்தினால் பேரம் பேசலாம். பொருந்தாவிட்டால் அதே அட்டையைக் கான்பூருக்கு அனுப்பி விசாரிக்கலாம். ராணுவத்துக்கு 1860களிலிருந்து சேணம் தைத்த ஊர் அது. இன்று வெஸ்டர்ன் சேணங்களை வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள்.